‘ஒரிஜினல் கலர்’ என்றால் எந்தக் கலர்? பழைய காரின் நிறம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் போனால் பழைய கார்களை நிறையப் பார்க்கலாம். மொறிஸ் மைனர், ஒஸ்டின், பீட்டில், தோட்டத் துரைமார் ஓட்டிய காலத்து லேண்ட் ரோவர். பக்கத்தில் நின்று ரசிப்பவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: “இது ஒரிஜினல் கலர் தெரியுமா?” சொந்தக்காரரும் மறுக்கமாட்டார். ஆனால் ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இந்தக் குழப்பத்துக்கு என் மாமா காசு கொடுத்திருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1962ஆம் வருஷத்து மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அதை ஒரு கராஜில் டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார். வாகனப் புத்தகத்தில் நிறம் ‘வெள்ளை’. கார் திரும்பி வந்தது. வெள்ளைதான். மாமா ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, “பிரிட்ஜ் கலர்ல அடிச்சிட்டானுகளே” என்றார்.

கராஜ்காரரைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளை என்றார்கள், வெள்ளை அடித்தார். தவறு அந்தச் சொல்லில் இருந்தது.

பெயரை நம்பினால் ஏமாறுவோம்

‘பச்சை’ என்று சொன்னால் கொழுந்தும் பச்சை, முற்றிய இலையும் பச்சை, பாசி பிடித்த லயத்துச் சுவரும் பச்சை. வாகனப் புத்தகத்தில் உள்ள நிறம் இந்த அளவுக்குத்தான் உதவும். போக்குவரத்துப் பொலிஸ்காரருக்கு அது போதும், பெயின்ட் கலக்குபவருக்குப் போதாது.

மொறிஸ், ஒஸ்டின் கார்களைச் செய்த பிஎம்சி கம்பெனியின் பட்டியலில் 60களில் இரண்டு வெள்ளைகள் உண்டு. ஒன்று ‘ஓல்ட் இங்கிலிஷ் வைட்’, அதன் கோட், அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்த குறியீடு, டபிள்யூடி 3. மற்றது ‘ஸ்னோபெரி வைட்’, கோட் டபிள்யூடி 4. முதலாவதை நம் வீட்டில் யாரிடம் காட்டினாலும் வெள்ளை என்று சொல்லமாட்டார்கள், கிறீம் என்பார்கள். மாமாவின் கார் அந்த வகை. பின்சீற்றைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் அந்தக் கிறீம் அப்படியே இருந்தது.

இன்னொரு வேடிக்கை, ‘ஸ்மோக் கிரே’ என்ற நிறம். பெயர் புகைச் சாம்பல். ஆனால் அதன் கோட் பியூ 15. அந்தப் பட்டியலில் ‘பியூ’ என்பது நீலக் குடும்பத்தின் அடையாளம். சாம்பல் என்று பெயர் வைத்துவிட்டு நீலக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்! நேரில் பார்த்தால் காரணம் புரியும். மழைக்கு முந்திய வானம்போல ஒரு நீலச் சாம்பல் அது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு சாம்பல் கலக்குபவருக்கு அந்த நீலம் ஒருநாளும் வராது.

காரிலேயே கோட் இருக்காதா என்று கேட்கலாம். சிலவற்றில் இருக்கும். 50களின் நடுப்பகுதியில் வந்த மொறிஸ், எம்ஜி கார்களில் கம்பெனி பதித்த தகட்டில் (ரோட்டில் தெரியும் இலக்கத் தகடு அல்ல) கார் எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் வரும். மூன்றாவது எழுத்துதான் நிறம். ஏ என்றால் கறுப்பு, ஈ என்றால் பச்சை. கடைசி இலக்கம் எந்த வகைப் பெயின்ட் என்பதைச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதுவும் நிறத்தின் குடும்பத்தை மட்டுமே சொல்கிறது, எந்தப் பச்சை என்று சொல்வதில்லை. மாமாவின் 1962 காரில் அதுகூட இல்லை. அதற்குள் எண் முறையை மாற்றிவிட்டார்கள். புதிய எண்ணில் கம்பெனி, எஞ்சின், பொடியின் வகை எல்லாம் இருக்கின்றன, நிறம் இல்லை. இப்படிப்பட்ட கார்களுக்கு இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். பதிவேடு மிஞ்சியிருக்கும் கார்களுக்கு, தொழிற்சாலையை விட்டுப் போகும்போது என்ன நிறம் என்பது பெரும்பாலும் அதில் வரும்.

பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். வொக்ஸ்வாகன் கம்பெனியின் பழைய கோட்கள் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும். எல் 41 கறுப்பு, எல் 87 முத்து வெள்ளை. லேண்ட் ரோவரின் கரும்பச்சைக்கு அதைவிடச் சுலபம். ‘டீப் பிரோன்ஸ் கிரீன்’ என்ற அந்த நிறத்துக்குப் பிரிட்டிஷ் தர அட்டவணையிலேயே ஓர் எண் உண்டு. பிஎஸ் 381சி அட்டவணையில் 224.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: புத்தகத்திலுள்ள நிறம் ஒரு குடும்பப் பெயர், கோட்தான் ஆளின் பெயர். கோட் தெரிந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பதுதான் அடுத்த தவறு.

சாயத் தண்ணியும் பெயின்ட்டும்

தோட்டத்தில் பால் ஊற்றாத தேநீரைச் சாயத் தண்ணி என்போம். பெயின்ட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு கோப்பைச் சாயத் தண்ணியில் ஒரு கரண்டி பால் விட்டால் ஒரு நிறம், இரண்டு கரண்டி விட்டால் வேறு நிறம். சாயம் கடுப்பா இளசா என்பதைப் பொறுத்து, அதே இரண்டு கரண்டிப் பாலும் வேறு நிறம் தரும். பெயின்ட்டும் இப்படித்தான். அதில் நிறத்தைத் தருவது மிக நுண்ணிய தூள். அதற்கு நிறமி என்று பெயர். பால் செய்யும் வேலையை வெள்ளை நிறமி செய்கிறது. தூள் தானாகத் தகரத்தில் ஒட்டாது. அதைப் பிடித்து வைத்து, காய்ந்ததும் படலமாக மாறும் பிசின் ஒன்று வேண்டும். அது பிணைப்பான். இரண்டையும் ஸ்பிரே துப்பாக்கியில் அடிக்கும் பதத்துக்குத் தளர்த்துவது தின்னர். அது கடைசியில் ஆவியாகிப் போய்விடும்.

அந்தக் காலக் கார்களில் பிணைப்பான் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கராஜில் பெயின்ட் அடிக்கும் பாஸ்மார் என்.சி. என்று சொல்லும் நைட்ரோசெலுலோஸ். தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். 1920களில் கார்த் தொழிலையே மாற்றியது அதுதான். அதற்கு முன் கையால் பூசிய வார்னிஷ் காய வாரக் கணக்கில் காத்திருப்பார்கள். மற்றது, சூளையில் வைத்துச் சூட்டில் இறுக்கிய சிந்தெட்டிக் எனாமல். இரண்டும் ஒரே கோட்டுக்கு ஒரே நிறத்தைத் தரவேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் இரண்டின் மினுக்கமும் வயதாகும் விதமும் வேறு.

ஆக, கோட் என்பது ஒரு சமையல் குறிப்பின் பெயர். வெள்ளை இவ்வளவு கிராம், மஞ்சள் இவ்வளவு, கறுப்பு இவ்வளவு. எல்லாம் நிறுத்துத்தான் கலப்பார்கள். ஒரு லீற்றர் கிறீம் நிறத்தில் இரண்டு துளி கறுப்புக் கூடினாலே கண்ணுக்குத் தெரியும்.

ஒரே குறிப்பு, வேறு வேறு ருசி

டீமேக்கர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அதே மலை, அதே கொழுந்து, அதே மெஷின். ஆனாலும் திங்கட்கிழமைத் தூளும் வெள்ளிக்கிழமைத் தூளும் கோப்பையில் ஒன்றாக நிற்காது. பெயின்ட் தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் சிறு வித்தியாசம் வரும், ஓர் எல்லைக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். கார்த் தொழிற்சாலைக்குப் பெயின்ட் கொடுத்த கம்பெனியும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் 1962இல் ஒரே கோட்டில் வந்த இரண்டு கார்களை அன்றே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தாலும் நூலளவு வித்தியாசம் இருந்திருக்கலாம்.

பெயின்ட் கம்பெனிகளுக்கு இது தெரியும். ஒரே கோட்டுக்குக் கொஞ்சம் மஞ்சள் கூடியது, கொஞ்சம் நீலம் கூடியது, கொஞ்சம் இருண்டது என்று சில மாற்றுக் குறிப்புகளையும் வைத்திருப்பார்கள். அவற்றை வேரியண்ட் என்பார்கள். கலர் கலக்கும் கடையில் கோட்டைச் சொன்னதும் டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், “இதுக்கு வேரியண்ட் எத்தனை இருக்கு, அட்டையைக் காட்டுங்க” என்று கேட்கலாம். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, அவர்களும் காட்டுவதில்லை.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. அந்தக் காலத்து மஞ்சள், செம்மஞ்சள், பச்சை நிறங்களில் ஈயம் கலந்த குரோம் மஞ்சள் என்ற நிறமி நிறைய இருந்தது. ஈயம் விஷம் என்பதால் இன்றைய கார்ப் பெயின்ட்டில் அதைத் தவிர்க்கிறார்கள். அதே பச்சையை இப்போது வேறு மஞ்சளும் வேறு நீலமும் சேர்த்து உண்டாக்குகிறார்கள். கறிவேப்பிலை கிடைக்காத ஊரில் ரம்பை போட்டுத் தாளிப்பதுபோல என்று வையுங்கள். வாசம் இருக்கும், அந்த வாசம் இராது. இந்த மாற்றம் எங்கே காட்டிக்கொடுக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

(ஈயம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வோட்டர் பேப்பர் போட்டு ஈரத்தில் தேயுங்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையே வேண்டாம்.)

சுருக்கமாக, கோட் நம்மைச் சரியான தெருவுக்குக் கொண்டுவந்து விடும். வீட்டை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அறுபது வருஷத்தில் காருக்கு நடந்தது

இப்போது காரைப் பார்ப்போம். கோட் கிடைக்காவிட்டால் என்ன, காரில் இருக்கும் நிறத்தைப் பார்த்துக் கலக்கச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் காரில் இருப்பது அன்றைய நிறம் இல்லை.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிணைப்பானை மெல்ல மெல்ல அரிக்கும். மேலே இருக்கும் பிசின் போனதும் நிறமித் தூள் வெளியே தெரியும். பழைய காரைத் தடவினால் கையில் சுண்ணாம்புபோல ஒட்டுவது அதுதான். மலையில் குளிர்தானே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தவறு. 1000 மீற்றர் உயர உயரப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனி மூட்டம் விலகிய நாளில் அங்கே அடிக்கும் வெயில், உடம்பில் சுடாவிட்டாலும், பெயின்ட்டைச் சுடும்.

சுண்ணாம்பு பூத்த மேற்பரப்பு வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால் நிறம் வெளுத்துத் தெரிகிறது. ரோட்டோரத்துக் கருங்கல்லை நினைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல், மழை பட்டதும் கன்னங்கரேல். கல் மாறவில்லை, மேற்பரப்பின் சொரசொரப்பைத் தண்ணீர் நிரவிவிட்டது. வெளுத்த காரின் மேல் ஈரத் துணியால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குப் பழைய நிறம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காசு செலவில்லாத சோதனை இது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ரப்பிங் கொம்பவுண்ட் போட்டு உள்ளங்கை அளவு இடத்தை மெருகேற்ற வேண்டும். வெளுத்த தோல் போய், கீழே உள்ள நல்ல பெயின்ட் வரும்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. பழைய சிவப்புகள் சிலது ரோசாப்பூ நிறத்துக்கு வந்துவிடும், கறுப்பு நின்று பிடிக்கும். அதோடு, காரின் கூரை ஒரு நிறம், கதவின் கீழ்ப்பகுதி ஒரு நிறம். ஆகவே காரைப் பார்த்துக் கலக்குவது என்றால் காரின் எந்த இடத்தைப் பார்த்து என்ற கேள்வி வருகிறது.

ஒளிந்திருக்கும் நிறத்தைத் தேடுவது

வெயில் படாத, யாரும் திரும்ப அடிக்காத இடங்கள் எல்லாக் காரிலும் உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில், கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினால் பின்னால், டிக்கியின் விரிப்புக்கு அடியில், ரப்பர் பீடிங்கின் கீழ், எண் தகட்டுக்குப் பின்னால், பின்சீற்றுக்கு அடியில். மைனரில் மாமாவுக்குச் சாட்சி சொன்னது பின்சீற்றுதான். முன்பு அடித்த கராஜ் சீற்றைத் தூக்கவில்லை. அந்தச் சோம்பலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

வெளிப்பக்கத்தில் எத்தனை தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அறிய ஒரு பழைய முறை இருக்கிறது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தை, நுண்ணிய வோட்டர் பேப்பரால் சோப்புத் தண்ணீர் விட்டுச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். தகரம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல வளையம் வளையமாக எல்லாப் படையும் தெரியும். நடுவில் தகரம், அதைச் சுற்றி பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு தொழிற்சாலை நிறம், பிறகு பின்னால் வந்தவர்கள் அடித்தவை. மாமாவின் காரில் கிறீமுக்கு மேலே ஓர் இளநீலமும் இருந்தது. யார் எப்போது அடித்தார்கள் என்று அவருக்கே தெரியாது. தனக்கு முன்னால் அதை ஓட்டிய கிளாக்கரய்யாவின் வேலையாக இருக்கும் என்கிறார்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். முதலாவது, பிரைமரையே நிறமென்று எண்ணுவது. செங்கல் நிறமும் சாம்பல் நிறமும் பெரும்பாலும் பிரைமர்தான். காரின் முதல் நிறம் சிவப்பு என்று சந்தோஷப்படுவதற்கு முன் அதற்குப் பளபளப்பு வருகிறதா என்று மெருகேற்றிப் பாருங்கள். பிரைமர் பளபளக்காது. இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. எண்ணெய்ச் சார்புள்ள எனாமல் பெயின்ட்டுகளுக்கு இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும் குணம் உண்டு. வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு தெளிந்துவிடும். மாமா சீற்றுக்கு அடியில் கண்ட கிறீமை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது இதனால்தான். ஸ்னோபெரி வைட் இருட்டில் பழுத்து இப்படி ஆகியிருக்கலாமே! சீற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெயில் விழும்படி கதவைத் திறந்து காரை இரண்டு வாரம் வாசலில் நிறுத்தினோம். கொஞ்சம் தெளிந்தது. கிறீம் என்பது மாறவில்லை. பிறகுதான் டபிள்யூடி 3 என்று முடிவெடுத்தோம்.

பிளவுஸ் துணியும் டேஸ்டிங் ரூம் ஜன்னலும்

சேலைக்குப் பிளவுஸ் துணி எடுக்கப் போகும் அம்மாமாரைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்குள் டியூப் லைட்டில் பொருந்துகிற துணியை அப்படியே வாங்கமாட்டார்கள். துணியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றாக இருந்தது வெளியே வேறாகிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடமாட்டார்கள். விஞ்ஞானத்தில் இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர்.

நடப்பது இதுதான். ஒரு பொருளுக்கு நிறம் வருவது, தன்மேல் விழும் வெளிச்சத்தில் சிலதை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்புவதால். இரண்டு பெயின்ட்டுகள் வேறு வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் அவை திருப்பி அனுப்புவது நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றலாம். வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறிவிடும். மேலே குரோம் மஞ்சளைப் பற்றிச் சொன்னேனே, அது மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய பச்சைக்குப் பக்கத்தில் புதுப் பச்சையைக் கராஜின் எல்ஈடி வெளிச்சத்தில் வைத்துச் சரி என்று சொல்லிவிடுவோம். பின்னேர வெயிலில் கார் நின்றால் கதவு மட்டும் தனியாகத் தெரியும்.

தேயிலை உலகத்துக்கு இது புதிதில்லை. தொழிற்சாலைகளில் தேநீரை ருசி பார்க்கும் மேசையை வடக்குப் பக்க ஜன்னலை ஒட்டிப் போடுவது பழைய வழக்கம். நேர் வெயில் படாமல், நாள் முழுக்க அதிகம் மாறாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. கோப்பையின் நிறத்தைப் பார்த்து விலை சொல்லுகிற இடத்தில் பல்பு வெளிச்சத்தை நம்ப முடியுமா? இலங்கை பூமத்திய ரேகைக்குச் சற்று மேலே இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேயே நிற்கும், ஆகவே நம் ஊரில் ‘வடக்கு ஜன்னல்’ வருஷம் முழுக்கப் பொருந்தாது. நமக்கு வேண்டியது நிழலில் திறந்த வானத்தின் வெளிச்சம், அவ்வளவே. மேகம் மூடிய பகல் இன்னும் நல்லது. அதற்கு இங்கே பஞ்சமில்லை.

கண்ணுக்குத் துணையாக இப்போது ஒரு மெஷின் வந்திருக்கிறது. நிறமாலைமானி என்பார்கள். பெயின்ட்டின் மேல் வைத்து அழுத்தினால், வெளிச்சத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, கிட்டத்தட்டப் பொருந்தும் குறிப்பை எடுத்துக் கொடுக்கும். இரண்டு நிறங்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்பதை டெல்ட்டா ஈ என்ற ஓர் எண்ணாகவும் சொல்லும். அந்த எண் 1க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானோரின் கண் பிடிக்காது.

“மெஷின் வச்சுப் பார்த்தோம், அப்ப சரிதான்” என்று சொல்லுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: எதன் மேல் வைத்தீர்கள்? வெளுத்த இடத்தில் வைத்தால் மெஷின் வெளுத்த நிறத்தைத்தான் உண்மையாக அளக்கும். வளைந்த இடத்திலும் அழுக்கு இடத்திலும் வைத்தால் அதுவும் தடுமாறும். மெருகேற்றிய, தட்டையான இடத்தில் மூன்று நான்கு முறை வைக்கவேண்டும். அது தரும் குறிப்பு தொடக்கப் புள்ளி. முடிவைச் சொல்வது வாசல் வெளிச்சம்.

மெட்டாலிக் நிறங்கள் இன்னொரு கதை. அவற்றில் அலுமினியச் செதில்கள் இருப்பதால் நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்ந்து பார்த்தால் ஒரு நிறம். நம் மலைநாட்டில் நிற்கும் பழைய பிரிட்டிஷ் கார்களில் அநேகமானவை சாதாரண நிறங்களே என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பனி இறங்கும் ஊரில் துப்பாக்கி பிடிப்பது

குறிப்பும் சரி, டின்னும் சரி. ஆனாலும் அடித்த பிறகு நிறம் தவறலாம்.

மலையில் முதல் எதிரி ஈரம். என்.சி. பெயின்ட் அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் தன்னோடு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வது அதனால்தான். தகரம் அப்படிக் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிபோல் இறங்கி, காய்ந்துகொண்டிருக்கும் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பெயின்ட் பால் பூத்ததுபோல வெளுக்கும். பாஸ்மார் ‘பூத்துப் போச்சு’ என்பார்கள், பெயின்ட்காரர் பாஷையில் பிளஷிங். கறுப்பிலும் கருநீலத்திலும் உடனே தெரியும். கிறீமில் தெரியாது, அதுதான் ஆபத்து. நிறம் தவறிவிட்டது என்று டின்னைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

நாவலப்பிட்டியில் எங்களுக்கு வேலை செய்த பெயின்ட் பாஸ் காலை பத்து மணிக்கு முன் துப்பாக்கியைத் தொடமாட்டார். “தம்பி, பனி இருக்கும்போது அடிச்சா பனியையும் சேர்த்துத்தான் அடிக்கணும்” என்பார். மழை நாட்களில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலப்பார். பிற்பகல் மூட்டம் இறங்கத் தொடங்கியதும் மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். இரண்டு நாளில் முடியவேண்டிய வேலை ஆறு நாள் இழுத்தது. அந்த ஆறு நாளுக்கு நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

கீழே என்ன நிறம் இருக்கிறது என்பதும் மேலே தெரியும். செங்கல் நிறப் பிரைமரின் மேல் மெல்லிசாகக் கிறீம் அடித்தால் அழுக்கேறிய கிறீம் வரும். சிவப்பும் மஞ்சளும் இன்னும் மோசம், அவை கண்ணாடிபோல அடியைக் காட்டிக்கொடுக்கும். அடியில் ஒரே நிறமாக அண்டர்கோட் போட்டு, மேலே அடி தெரியாத அளவுக்குப் படை ஏற்ற வேண்டும்.

பிறகு கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத மினுக்குப் படை. மைனர் காலத்தில் சாதாரண நிறங்களுக்கு இது கிடையாது, நிறமும் மினுக்கும் ஒரே படையில். இன்றைக்கு எல்லாக் கராஜிலும் அடிக்கிறார்கள், நின்று பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதைப் போட்டதும் நிறம் எப்போதும் ஈரத்தில் இருப்பதுபோல ஆழமாகத் தெரியும். கோட் சரியாக இருந்தும் ‘என்னமோ புதுக் கார் மாதிரி இருக்கு’ என்று தோன்றுவது பல நேரம் இதனால்தான். பழைய தோற்றம் வேண்டுமென்றால் ஒரே படையில் மினுங்கும் பெயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அது ஹார்டனர் கலக்கும் டூ-கே வகையாக இருந்தால் வெறும் துணி முகமூடியோடு அடிக்க விடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று வரும் முகக்கவசம் உள்ள இடத்தில்தான் அதை அடிக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரே தடவையில் சோதிக்கும் வழி ஒன்றுதான். பழைய தகரத் துண்டு ஒன்றில், காருக்கு அடிக்கப்போகும் அதே அண்டர்கோட், அதே தின்னர், அதே துப்பாக்கி, அதே எண்ணிக்கைப் படை போட்டு, காயவிட்டு, மெருகேற்றிப் பார்ப்பது. ஈரத்தில் இருக்கும் நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு சொல்லக்கூடாது. டின்னுக்குள் குச்சியை விட்டுப் பார்ப்பதும் வீண்.

அப்படியானால் எதற்குப் பொருத்துவது?

ஒரே காருக்கு மூன்று நிறங்கள் இருப்பது இப்போது தெரிந்திருக்கும். தொழிற்சாலை எண்ணிய நிறம், வெயில் தின்ற பின் காரில் இருக்கும் நிறம், இன்று டின்னில் இருக்கும் நிறம். ‘ஒரிஜினல்’ என்று சண்டை பிடிப்பவர்கள் ஒருவர் முதலாவதைச் சொல்வார், மற்றவர் இரண்டாவதைச் சொல்வார்.

கார் முழுவதையும் அடிப்பதென்றால் முதலாவதைத் தேடுங்கள். கோட்டும் ஒளிந்திருந்த நிறமும் அதற்காகத்தான். ஒரு மட்கார்டை மட்டும் அடிப்பதென்றால் முதலாவதைக் கிட்டவும் சேர்க்கக்கூடாது. பக்கத்துக் கதவு வெளுத்து நிற்க, மட்கார்டு மட்டும் 1962இல் நிற்கும். அப்போது கதவை மெருகேற்றி, மெருகேற்றிய கதவின் நிறத்துக்குக் கலக்கச் சொல்ல வேண்டும். அசல் பெயின்ட் இன்னும் நல்லபடி உள்ள கார் என்றால், என் அபிப்பிராயம், அடிக்கவே வேண்டாம். கொம்பவுண்டும் பொறுமையும் போதும். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. அவர்களுடைய கார்கள் பளபளவென்றிருக்கும்.

மாமாவின் காருக்கு மூன்று தகரத் துண்டு அடித்தோம். கோட்டின் மூலக் குறிப்பு ஒன்று, மஞ்சள் கூடிய வேரியண்ட் ஒன்று, பாஸ் தன் கண்ணால் திருத்தியது ஒன்று. பின்சீற்றுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மாமா மூன்றையும் எடுத்துக்கொண்டு தான் முன்பு வேலை செய்த தொழிற்சாலைக்கே போய்விட்டார். டேஸ்டிங் ரூமின் ஜன்னலடியில் வரிசையாக வைத்து, கோப்பைகளைப் பார்ப்பதுபோலவே குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாராம். பாஸ் திருத்தியதைத் தேர்ந்தெடுத்தார். மூலக் குறிப்புக்கும் அதற்கும் இடையில் இருந்தது ஒரு லீற்றருக்கு நாலைந்து துளி மஞ்சள்.

அந்தக் குறிப்பை, எந்தக் கம்பெனிப் பெயின்ட், எந்தெந்த நிறமி எத்தனை கிராம், எந்தத் தின்னர், அண்டர்கோட் என்ன நிறம், எத்தனை படை என்று ஒரு கடதாசியில் எழுதி, தேர்ந்தெடுத்த தகரத் துண்டோடு சேர்த்து பொலித்தீனில் சுற்றி, பின்சீற்றுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்த இடத்திலிருந்த பழைய கிறீமின் மேல் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை.